வாயால் கிடைத்த வேலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதத்தில் நடந்தது இது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. வீடு என்றால் வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை, முன்னால் திண்ணைபோல ஒரு சின்ன இஸ்தோப்பு, பின்னால் என் கணவர் சமைப்பதற்காகத் தகரம் போட்டு இழுத்துக் கட்டிய குசினி, அவ்வளவுதான். அதற்குள் நான், என் அம்மா, அப்போது முதலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள். கணவருக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். வந்த கையோடு திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

மற்றத் தோட்டங்களில் எப்படியோ தெரியாது, எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காம்பராவில் குடும்பம் இருக்க வேண்டுமானால் அந்தக் குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது தோட்ட வேலையில் பதிவாகியிருக்க வேண்டும். பெயர் வெட்டுப்பட்டால் காம்பராவையும் விட்டுவிட வேண்டியதுதான். அப்பா இறந்து, அம்மாவும் முழங்கால் தேய்ந்து வேலையிலிருந்து நின்றபோது, கொடுப்பதற்கு என் பெயர்தான் மிச்சமிருந்தது. உயர்தரம் படித்து முடித்திருந்த நான் கொழுந்துக் கூடையைத் தூக்கினேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் மனதுக்குள் வேறு ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய் ஹோட்டல் வேலைக்கான கோர்ஸ் ஒன்றைப் படித்தேன். அங்கே படிப்பித்தவர் சொல்லித்தான் நுவரெலியாவில் அந்த விடுதிக்கு ஆள் எடுக்கிற விஷயம் தெரிந்தது.

ஏரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு பழைய பங்களா. அதை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார்கள். ஏப்ரல் சீசன் வருகிறதென்று நுவரெலியா முழுவதும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. விடுதியிலும் சுவருக்குச் சுவர் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நேர்முகத்துக்குக் காத்திருந்த நான், பதற்றத்தில் சுவரில் சாய்ந்து என் சேலை முந்தானை முழுவதும் பெயின்ட் ஆக்கிக்கொண்டேன். அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுத் தானே உள்ளே ஓடிப் போய் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். தோட்டத்தில் இத்தனை வருடமாக ஒரு மேனேஜர் எனக்காக நடந்துபோய்க்கூடப் பார்த்ததில்லை, இவர் ஓடினார். அந்த ஓட்டத்திலேயே நான் அவரை முழுதாக நம்பிவிட்டேன்.

தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிற மனிதர் அவர். இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். ஒரு கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"ஒங்களத்தான் எடுக்கிறோம் தங்கச்சி. ஏப்ரல் ஒண்ணுலருந்து வாங்க. பெர்மனன்ட் வேல" என்றார். பின்பக்கத்து ஜன்னலுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். விடுதித் தோட்டத்தின் கடைசியில், வேலையாட்கள் தங்க, சின்னதாக ஒரு குவார்ட்டர்ஸ். "ரெண்டு மூணு மாசத்துல குடும்பத்தையும் கூட்டிட்டு வந்திரலாம்."

அந்தக் குவார்ட்டர்ஸின் வாசலிலேயே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. எங்கள் லயத்துக்கு ஒரே குழாய். விடிந்தும் விடியாமலும் குடத்தோடு நின்று சண்டை பிடித்தே என் பாதி வயது போயிருக்கிறது. சொந்த வாசலில் ஒரு குழாயைப் பார்த்தவுடன் எனக்கு வேறு எதுவும் கண்ணில் தெரியவில்லை.

"லெட்டர் எப்ப சேர் தருவீங்க" என்று கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். எங்கள் சனம் பெரிய நாற்காலியில் இருப்பவரிடம் காகிதம் கேட்டுப் பழகியதில்லை. கேட்டால், 'இவள் நம்மைச் சந்தேகப்படுகிறாள்' என்று நினைத்து வேலையை அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்று பயம். அவரே என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "லெட்டரெல்லாம் வந்தப்பறம் தருவோம்" என்றார். நான் பெரிதாகத் தலையாட்டினேன்.

அன்று பஸ்ஸில் திரும்பியபோது எனக்கு நிலத்தில் கால் இல்லை. கணவருக்குப் போன் செய்தேன். "ஏப்ரல் ஒண்ணா? பாத்து புள்ள, ஏப்ரல் பூல் ஆக்கிறப் போறாங்க" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா, "கையில தாளு ஏதும் குடுத்தாங்களா?" என்று கேட்டார். வந்த பிறகுதான் தருவார்களாம் என்றேன். "ராசாவ நம்பி புருசனக் கைவிட்ட கதையா ஆயிரப்போவுது" என்றார். நல்ல நாளிலும் இப்படித்தான் பேசுவீர்களா என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த நாள் காலை நான் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

எங்கள் தோட்டத்தில் காலையில் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். யார் எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்று, எங்களிடம் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா அங்கேதான் பிரித்து விடுவார். சாவு, கல்யாணம், லீவு, வேலையை விட்டு நிற்பது, எதுவானாலும் அங்கே நின்று வாயால்தான் சொல்வோம். பெரட்டில் நாலு பேர் காதில் விழுந்துவிட்டால் அது முடிந்த காரியம். அங்கே சொன்னதைத் திரும்ப வாங்கியவர் என்று யாரையும் எனக்குத் தெரியாது.

ஆபீசில் போய் மெதுவாக விசாரித்திருக்கலாம். கடிதம் கைக்கு வரும் வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கோ எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. 'படிச்ச புள்ள பாவம் கூடை தூக்குது' என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்ன அத்தனை பேரும் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"ஐயா, ஒண்ணாந்தேதியிலருந்து எனக்கு நுவரெலியாவுல வேலைங்க. இனி வரமாட்டேங்க" என்றேன், குரலை நன்றாக உயர்த்தி.

"அப்ப பேர வெட்டிரவா?" என்று கேட்டார் அவர்.

"வெட்டிருங்கய்யா."

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை இனிப்பாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா கையில் ஒரு கயிற்றோடு வந்து நின்றார். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குழாயில் என்னோடு அதிகம் சண்டை பிடித்தவர் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இவரைக் காட்டுவேன். வாயைத் திறந்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். ஆனால் அவர் பாடும் பாவம்தான். அவர், கணவர், மாமியார், கல்யாண வயதில் ஒரு மகன், இரண்டு மகள்கள், எல்லோரும் எங்களைப் போலவே ஒரு காம்பராவுக்குள். மகனுக்குப் பூண்டுலோயாவில் பெண் பார்த்திருந்தார்கள். தனியாக ஒரு காம்பரா இருந்தால்தான் பெண் தருவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"கண்டாக்கு ஐயாகிட்ட கேட்டேன். ஒங்க வீட்ட எங்களுக்குப் பேசித் தர்றேன்னாரு. கட்டில் வருமான்னு ஒரு அளவு பாத்துக்கிறேன் தங்கச்சி" என்றார். அன்றைக்கு மட்டும் குரலில் ஒரு பணிவு.

அவர் கயிற்றை நீட்டினார். மறு நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. என் அம்மா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய், அந்த நுனியைச் சுவரோரம் வைத்துப் பிடித்துக்கொண்டார். இடைஞ்சலாக இருந்த டிரங்குப் பெட்டியைக்கூட நகர்த்திக் கொடுத்தார்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. காம்பரா ஒன்றாம் திகதி போகும். குவார்ட்டர்ஸ் 'ரெண்டு மூணு மாசத்துல' வரும். நடுவில் அம்மாவும் பிள்ளையும் எங்கே இருப்பார்கள்? அந்த ரெண்டு மூணு மாசமும் எங்கே எழுதியிருக்கிறது? பெரட்டில் நான் சொன்ன சொல் என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. மேனேஜர் சொன்ன சொல் அவரைக் கட்டியிருக்கிறதா? யாரைக் கேட்பது?

அன்று மாலையே விடுதி மேனேஜரின் போனுக்கு எடுத்தேன். உடனே பேசினார். "ஆங், தங்கச்சி! ரெடியா? லெட்டர்தானே, பொஸ் கொழும்புல இருக்காரு. வந்தவுடனே சைன் பண்ணுவாரு" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு எடுத்தபோதெல்லாம், நீங்கள் அழைத்த இலக்கத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. முதலில் சிங்களத்தில் சொல்லி முடித்து, பிறகு தமிழில் சொல்லும்வரை நான் ஏதோ வேறு பதில் வரப்போவதுபோலக் காதில் வைத்துக்கொண்டே நிற்பேன்.

பயம் என்றால் என்ன என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. மலையில் நின்றால் கை தன்பாட்டுக்கு முத்தல் இலையைக் கிள்ளிப் போட்டது. "நாளைக்கு ஹோட்டலுக்குப் போறவளுக்கு இனி கொழுந்து எதுக்கு" என்று கங்காணி கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டில் கொடியில் கிடந்த அந்தச் சேலையில் மண்ணெண்ணெய் வாடை போகவே இல்லை. அதைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதற்கு மேலும் விடுதிக்கு நேரே போகாமல் இருந்ததற்கும் பயம்தான் காரணம். போய்க் கேட்டால் வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், கேட்காவிட்டால் வீடு போய்விடுமோ என்று ஒரு பயம். மாதம் முடிகிற தறுவாயில் கணவர் போனில், "என்னா புள்ள, லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நானுஓயா தாண்டும்வரை ஒரே பனி. சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே போனேன். 'சேர், லெட்டரப் பாத்துட்டு வேலைக்கு வாறேன் சேர்.' உதடு அசைந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒரு வயதான பெண், நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தன் கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார். எடுத்துப் பூசிக்கொண்டேன். எதையும் விடக்கூடிய நிலையில் நான் இல்லை.

விடுதியில் பெயின்ட் வேலை முடிந்து பளிச்சென்று இருந்தது. மேனேஜர் அதே சிரிப்போடு வந்தார். அவருடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். "நல்ல வேளை வந்தீங்க. லெட்டர் வந்திருச்சு, சைன் பண்ணிட்டே போங்க" என்று சொல்லி ஒரு தாளை எடுத்து வைத்து, பேனாவையும் மூடி கழற்றித் தந்தார்.

நான் மனப்பாடம் செய்தது எதுவும் தேவைப்படவில்லை. தாளை வாங்கினேன். இங்கிலீஷ். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், ஆனால் படித்தேன். சீசன் வேலை. ஏப்ரல் மாதத்தோடு முடியும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். சமையலறையோ, துணி துவைப்பதோ, தோட்டமோ, சொல்கிற வேலையைச் செய்ய வேண்டும். குவார்ட்டர்ஸ் என்ற சொல்லைத் தேடினேன். முதலிலிருந்து மறுபடியும் தேடினேன். இல்லை.

  தாளை மேசைமேல் வைத்தேன்.

"சேர், பெர்மனன்ட்னு சொன்னீங்களே சேர்."

"சொன்னது சொன்னதுதான் தங்கச்சி. இது சும்மா, எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிக்கிறது. சீசன் முடியட்டும், பாப்போம்."

"குவார்ட்டர்ஸ் சேர்?"

"அதையும் பாப்போம்."

எங்கிருந்து வந்த தைரியமோ தெரியாது. தைரியம் என்றுகூடச் சொல்ல முடியாது. பயம் முற்றினால் வாய் தானாகத் திறந்துவிடும் போலிருக்கிறது. "அத ரெண்டையும் இதுல ஒரு வரி எழுதித் தர முடியுங்களா சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிப்பு முதல் முறையாகக் குறைந்தது. கோபப்படவில்லை. "அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்ல தங்கச்சி" என்றார்.

எழுத அதிகாரம் இல்லாத ஒன்றைச் சொல்ல மட்டும் எப்படி அதிகாரம் வந்தது என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தோன்றியது. அவரைக் கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னபோது மனதாரத்தான் சொல்லியிருப்பார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பது இப்படியான மனிதர்களைப் பற்றித்தான்.

பேனா என் விரலில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம். அதற்குப் பிறகு வேலையும் இல்லை, வீடும் இல்லை. போடாவிட்டால் இந்த நிமிஷமே வேலை இல்லை. வீடோ ஏற்கனவே கயிறு போட்டு அளந்தாகிவிட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அம்மா கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

"வீட்டுல பேசிட்டுச் சொல்றேன் சேர்."

"இன்னைக்குப் பின்னேரத்துக்குள்ள சொல்லிருங்க. வெளிய ஆள் இருக்கு" என்றார்.

ஆள் இருக்கத்தான் இருந்தது. என்னைவிட இளம் பெண். புதுச் சேலையை மடியில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "தாளப் படிச்சுப் பாத்துட்டுப் போடு தங்கச்சி" என்று மட்டும் குனிந்து சொன்னேன். அவள் என்னைப் பொறாமைக்காரி என்று நினைத்திருப்பாள். அன்று நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா சாமான் கட்டி முடித்திருந்தார். சுவரில் இருந்த சாமி படங்களை இறக்கி என் பழைய சேலை ஒன்றில் சுற்றி வைத்திருந்தார். படங்கள் இருந்த இடத்தில் மட்டும் சுவர் புகை படியாமல் வெளுப்பாகத் தெரிந்தது. "அங்க பைப்பு வாசல்லயே இருக்குமாம்மா?" என்று மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதும் நான்தான்.

குசினிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்கு பெரட்டுல போயி என்னாத்தம்மா சொல்லுவேன்? வீடு அவங்களுக்குன்னு ஆயிருச்சே. ஒங்களக் கூட்டிக்கிட்டு எங்கம்மா போவேன்?" அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் மட்டும் அழுது தீர்த்தேன். லயத்தில் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அன்று அடுத்த காம்பராவில் ஒரு சத்தமும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள்தான் மாதத்தின் கடைசி வேலை நாள். பெரட்டுக்களத்துக்குப் போகும் பாதை ஒன்றும் தூரமில்லை. ஆனால் அன்று என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. கூட்டம் கலையட்டும், தனியாகச் சொல்லலாம் என்று பின்னால் ஒதுங்கி நின்றேன். கண்டாக்கு ஐயா விடவில்லை.

"என்னா, நாளையிலருந்து ஹோட்டலா?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். எந்த முகங்கள் பார்க்க வேண்டும் என்று அன்று குரலை உயர்த்தினேனோ, அதே முகங்கள். "இல்லைங்கய்யா. அந்த வேல சரிவரலைங்க. எம்பேர வெட்டாதீங்கய்யா" என்றேன். என் காதுக்கே கேட்காத குரலில்தான் வந்தது. திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நீதானே வெட்டச் சொன்ன? இத்தன பேருக்கு முன்னால சொன்ன. தொரைகிட்டயும் சொல்லியாச்சு. வீட்டயும் இவங்க மகனுக்குன்னு பேசியாச்சு. இப்ப வந்து நின்னா நான் என்னா பண்றது?"

அவர் கை காட்டிய பக்கம் பக்கத்துக் காம்பரா அக்கா நின்றார்.  அவர் வாயைத் திறந்து, 'ஆமாங்கய்யா, எங்களுக்குத்தானே சொன்னீங்க' என்று சொன்னால் போதும், என் கதை முடிந்தது. அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. மகனின் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யாருக்குங்கய்யா பேசுனீங்க? நான் கேட்டேனா?" என்றார்.

கண்டாக்கு ஐயா அவரை நோக்கிக் கையை நீட்டினார். "நீதானேம்மா வந்து..."

"நான் எங்கங்க கேட்டேன்? சும்மா பேச்சுக்குச் சொன்னத நீங்க நெசம்னு எடுத்தா நான் என்னா பண்றது? இவ மட்டும் என்னா, எழுதியா குடுத்தா? வாயால சொன்னதுக்கெல்லாம் பேர வெட்டுனா இந்தத் தோட்டத்துல ஒரு பேரும் மிஞ்சாதுங்க. நாளையிலருந்து வேலைக்கு வரமாட்டேன்னு நானும்தான் தெனம் சொல்றேன். எம்பேர வெட்டுனீங்களா?"

யாரோ ஒருவர் கொல்லென்று சிரித்தார். பிறகு களம் முழுவதும் சிரிப்பு. அவர் தினமும் அப்படிச் சொல்வதும் உண்மைதான். கண்டாக்கு ஐயாவும் சிரிப்பை அடக்க முடியாமல், "சரி சரி, தொரைகிட்ட நான் பேசிக்கிறேன். போயி நெரையப் புடிங்க" என்று கையை வீசினார். நிரை என்றால் நாங்கள் ஒவ்வொருவரும் பறிக்க வேண்டிய தேயிலை வரிசை. என் நிரை எது என்று எனக்கு அன்று கண் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்தான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

எழுத்தில் இல்லாததால்தான் எனக்கு வேலை போயிற்று. எழுத்தில் இல்லாததால்தான் என் வீடும் தப்பியது. இதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எதையும் நினைக்கிற நிலையில் நான் இல்லை.

மலையில் அவருடைய நிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி என்று சொல்ல எங்களுக்குள் பழக்கம் இல்லை. "அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் எறிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஒனக்காகன்னு நெனச்சுக்காத. நேத்து நீ அழுததுல எங்க வீட்டுல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. ஒங்கம்மா அன்னைக்கு எனக்குக் கயிறு புடிச்சாங்களே, அந்தக் கால வச்சுக்கிட்டு. அவங்கள வெளிய தள்ளிப்புட்டு அந்த எடத்துல எம்மவனுக்குக் கட்டில் போடச் சொல்றியா?"

இரண்டு மூன்று செடி தாண்டிப் போனோம். பிறகு அவராகவே, "ஆனா ஒண்ணு. இனி பைப்புல மொதக் கொடம் எனக்குத்தான். அதுல பேச்சில்ல" என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அவர் மகனின் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போனது. பூண்டுலோயாக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள், பிறகு எப்படியோ இறங்கி வந்தார்கள். இப்போது அந்த ஒரே காம்பராவுக்கு நடுவில் ஒரு திரை தொங்குகிறது. போன மாதம் அங்கே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அது அழுதால் சுவருக்கு மேலாக எங்களுக்கும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் குறுகும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறோம்.

நான் இன்னும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறேன். சென்ற வருடம் ஹட்டனில் ஒரு பெரிய கடையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பயந்து பயந்துதான், ஆனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன், "கடிதத்தப் பாத்துட்டு வீட்டுல பேசிச் சொல்றேங்க" என்று. முதலாளியின் முகம் மாறியது. வேலை கிடைக்கவில்லை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மறுநாள் வழக்கம்போலப் பெரட்டுக்குப் போனேன், அங்கே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் விடியற்காலையில் குழாயடியில் அக்காவின் குடம்தான் முதலில் நிற்கிறது. நான் குடத்தோடு அவருக்குப் பின்னால் நிற்கிறேன். இனி யார் என்ன சொன்னாலும் எழுத்தில் பார்க்காமல் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிற ஒவ்வொரு முறையும், எங்கள் வீடு இன்றைக்கும் நிற்பது எந்தக் காகிதத்தின் மேலும் அல்ல, எல்லோருக்கும் முன்னால் 'நான் கேட்டேனா?' என்று அவர் வாயால் சொன்ன அந்த ஒரு பொய்யின் மேல்தான் என்பது நினைவுக்கு வருகிறது, பயமும் நன்றியும் ஒன்றாகவே கூட வருகின்றன.